புளிக்குழம்பும் பிரியாணியும் உள்ள விருந்துக்கு எந்தச் சாக்கே, எந்தச் சூட்டில்?

அல்சூர்வாசி:

வணக்கம் நண்பர்களே. அடுத்த சனிக்கிழமை இரவு பெங்களூர் அல்சூரில் எட்டுப் பேருக்கு வீட்டுச் சாப்பாடு. அவர்களில் இருவர் சைவம். சமையல் முழுக்க நம்ம ஊர்ச் சமையல், குடிக்க மட்டும் சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது. சூஷிக்கும் டெம்பூராவுக்கும் எது பொருந்தும் என்று எங்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். புளி, மிளகாய், பெருங்காயம், தேங்காய் எல்லாம் கூடிய இலைக்கு எப்படிப் பொருத்துவது என்பதுதான் தெரிய வேண்டும்.

முதலில் நெத்திலி வறுவல், மெது வடை, தேங்காய்ச் சட்னி. சைவத்துக்குக் காளான் மிளகு வறுவல். அடுத்து வஞ்சிர மீன் குழம்பு, மட்டன் சுக்கா, சீரகச் சம்பா மட்டன் பிரியாணி. சைவர்களுக்கு வத்தக்குழம்பும் முருங்கைக்காய்க் கூட்டும். கடைசியில் தயிர் சாதம், அதிரசம்.

கையில் இருப்பவை நாலு வகைச் சாக்கே, லேபிளில் உள்ளபடி: டைகின்ஜோ 720 மி.லி. (தீட்டல் 45, நிஹோன்ஷு-தோ என்ற அடர்த்தி எண் +3, அமிலம் 1.2, ஆல்கஹால் 16). யாமஹாய் ஜுன்மாய் 720 மி.லி. (தீட்டல் 70, +4, அமிலம் 2.0, ஆல்கஹால் 16.5). ஹோன்ஜோசோ 720 மி.லி. (தீட்டல் 70, +6, அமிலம் 1.3, ஆல்கஹால் 15). நிகோரி 300 மி.லி. (−12, ஆல்கஹால் 14).

எதை எதோடு, எந்த வரிசையில், எந்தச் சூட்டில் பரிமாறுவது? நாலையும் திறக்க வேண்டுமா? வீட்டில் சூடாக்கச் சரியான முறை என்ன?

நெல்மணி:

மெனு நன்றாக இருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாலு பாட்டிலில் விலை கூடிய டைகின்ஜோதான் இந்தச் சாப்பாட்டோடு ஒட்டாதது. அதன் ஆப்பிள், வாழைப்பழ வாசம் ஈஸ்ட் உண்டாக்கும் எத்தில் கேப்ரோயேட், ஐசோஅமைல் அசிடேட் என்ற இரண்டு எஸ்டர்களிலிருந்து வருகிறது. கறிவேப்பிலை, பூண்டு, பெருங்காயம் தாளித்த வாசத்துக்கு முன்னால் அவை நிற்காது. வாசம் அடங்கிவிட்டால் மிஞ்சுவது மெல்லிய, லேசாக இனிக்கும் ஆல்கஹால் மட்டும்தான். அரிசியை அவ்வளவு தீட்டியதே புரதத்தையும் கொழுப்பையும் எடுத்துவிடத்தான். அதனால் உமாமி என்ற நாவூறும் சுவையும் குறைவு, குழம்பைத் தாங்கும் உடம்பும் அதற்கு இல்லை. (தீட்டல் 45 என்றால் மிஞ்சிய அரிசி 45 சதவீதம், தவிடாகப் போனது 55. பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.)

அதைச் சாப்பாட்டுக்கு முன்னால், வந்தவுடன், 10 முதல் 12 டிகிரியில், ஒயின் கிளாஸில் 50 மி.லி. அளவு ஊற்றிக் கொடுங்கள். உடன் உப்பு மட்டும் போட்டு வேகவைத்த பச்சை மொச்சை அல்லது வேர்க்கடலை. தாளிப்பு கூடாது. டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் மார்க்கெட்டுகளில் குவியும் அவரேகாளு, ஜப்பானில் சாக்கேயோடு கொறிக்கும் எடமாமேவுக்கு நெருங்கிய சொந்தம் போலவே இருக்கும். ஃப்ரிட்ஜின் சூடு 4, 5 டிகிரி. அந்தக் குளிரில் வாசம் எழும்பாது, எனவே பரிமாறுவதற்கு 15 நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

இனி புளி. நம் சாப்பாட்டில் சாக்கேக்கு வரும் முக்கியச் சிக்கல் காரம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது புளிதான். ஒயினில் இருக்கும் அமிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சாக்கேயில் உண்டு. வாயில் இருக்கும் உணவு பானத்தைவிடப் புளிப்பாக இருந்தால் பானம் சப்பென்று, தண்ணீர் கலந்ததுபோல் ஆகிவிடும். நம் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், திராட்சையில் இருக்கும் அதே அமிலம். அமிலம் 1.2, 1.3 உள்ள சாக்கே அதன் முன்னால் காணாமல் போகும். உங்கள் நாலில் தாக்குப்பிடிக்கக்கூடியது யாமஹாய் ஒன்றுதான்.

யாமஹாய் ஏன் புளிப்பானது என்பதை நம் வீட்டுக்காரர்களுக்கு விளக்குவது எளிது. இன்றைய சாக்கேகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈஸ்ட் வளர்க்கும் தாய்மாவில் லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றுகிறார்கள். இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். கிமோட்டோ, யாமஹாய் முறைகளில் அமிலத்தை ஊற்றுவதில்லை. காற்றிலும் தொட்டியிலும் இருக்கும் லாக்டிக் பாக்டீரியா தானாக வந்து புளிக்க வைக்கும்வரை ஏறக்குறைய நாலு வாரம் காத்திருக்கிறார்கள். நீராகாரமும் இட்லி மாவும் புளிப்பதும் இதே வகைப் பாக்டீரியாவால்தான். அந்த ருசியில் வளர்ந்த நாக்குக்கு யாமஹாய் சட்டென்று பிடித்துவிடும். தயிர் சாதத்தோடும் அது சேர்வதற்குக் காரணம் இதுவே.

மீன் குழம்பையும் சாக்கேயை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தலாம். ஒரு கிலோ வஞ்சிரத்துக்கு வழக்கமாக எலுமிச்சை அளவு புளி போடுகிறீர்கள் என்றால் அதில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள். இரண்டு நாட்டுத் தக்காளியை வதக்கி அரைத்துச் சேருங்கள். இறக்கும்போது 100 மி.லி. கெட்டித் தேங்காய்ப் பால். தக்காளியில் உமாமி தரும் குளுட்டமேட் உண்டு, சாக்கேயின் உமாமியோடு சேர அதுதான் பாலம். யாமஹாயை 45 டிகிரிக்குச் சூடாக்கி இதோடு கொடுங்கள்.

மீனுக்கு ஒயினைவிடச் சாக்கே பாதுகாப்பானது என்பதற்கும் காரணம் உண்டு. ஒயினில் உள்ள இரும்பு, மீன் எண்ணெயோடு வாயில் சேரும்போது கவிச்சி வாடையைக் கிளப்புகிறது. சாக்கே காய்ச்சுபவர்களுக்கு இரும்பு ஜென்ம விரோதி. அது நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் என்பதால் தண்ணீரில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கக் கூடாது என்று பார்க்கிறார்கள். நெத்திலி, மத்தி, கருவாடு என்று வாடை தூக்கலான எதற்கும் பயப்படாமல் சாக்கே ஊற்றலாம். வறுத்த கருவாட்டுக்கும் சூடான ஹோன்ஜோசோவுக்கும் உள்ள பொருத்தத்தை நான் இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மெனுவில் இடமிருந்தால் ஒரு தட்டு சேருங்கள்.

நெத்திலிக்கும் வடைக்கும் ஹோன்ஜோசோ, 15 டிகிரியில். வடிகட்டுவதற்குச் சற்று முன் கொஞ்சம் ஆல்கஹால் சேர்ப்பதால் விழுங்கியபின் அதன் ருசி நாக்கில் அதிக நேரம் நிற்காது, எண்ணெய்ப் பசையை நாக்கிலிருந்து துடைத்துவிடும். அதே பாட்டிலை பிரியாணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அறைச் சூட்டில். பிரியாணியில் பட்டை, கிராம்பு வாசமும் சீரகச் சம்பாவின் வாசமும் ஏற்கெனவே நிறைந்திருக்கும். அங்கே பானம் பேசாமல் இருப்பதே நல்லது.

மட்டன் சுக்காவோடு குளிர்ந்த எதையும் கொடுக்காதீர்கள். ஆட்டுக் கொழுப்பு உருக 45 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். குளிர்ந்த பானம் பட்டதும் மேலண்ணத்தில் மெழுகாய்ப் படியும், பிறகு எந்த ருசியும் தெரியாது. யாமஹாயை 50 டிகிரிக்கு ஏற்றுங்கள்.

அளவு: எட்டுப் பேருக்கு ஆளுக்கு 180 மி.லி., அதாவது ஜப்பானியக் கணக்கில் ஒரு கோ, வைத்தால் 1,440 மி.லி. ஆகும். உங்களிடம் 2,460 இருக்கிறது. 16 சதவீதச் சாக்கே ஒரு கோவில் சுமார் 23 கிராம் சுத்த ஆல்கஹால் உண்டு, இது சின்ன அளவல்ல. டைகின்ஜோவில் பாதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். ஒவ்வொருவர் பக்கத்திலும் அதே அளவு தண்ணீர் கட்டாயம். ஜப்பானில் அதற்கு யாவராகி-மிசு என்று தனிப் பெயரே உண்டு.

வெந்நீர்:

சூடாக்கும் முறை மட்டும் சொல்கிறேன்.

அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. அடியில் சூடேறி ஆல்கஹால் பறந்துவிடும், மேலே பச்சையாகவே இருக்கும். வெந்நீரில் இறக்கி வைப்பதே சரி. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூன்று பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 80 டிகிரி கிடைக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அந்த வெந்நீரில், கழுத்துவரை முழுகும்படி டொக்குரியை (சாக்கே ஊற்றும் சிறு பீங்கான் குடுவை) இறக்குங்கள். டொக்குரி இல்லாவிட்டால் சிறிய பீங்கான் ஜாடி போதும், ஊறுகாய் வாசம் ஏறாததாக இருக்க வேண்டும்.

ஜாடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சூடேறும்போது விரிந்து வழியும். வாயை ஒரு துண்டு ஃபாயிலால் மூடுங்கள். 180 மி.லி., 20 டிகிரியில் தொடங்கினால் பீங்கானில் இரண்டரை முதல் மூன்று நிமிடத்தில் 40 டிகிரி (நுருகான்), நாலு நிமிடத்தில் 45 (ஜோகான்), ஐந்து நிமிடத்தை ஒட்டி 50 (அட்சுகான்). எவர்சில்வர் சொம்பில் ஏறக்குறைய பாதி நேரம்தான் ஆகும். அதனால் கைதவறிப் போவது பெரும்பாலும் எவர்சில்வரில்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை நேரே இறக்கினால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அரை மணி வெளியே வைத்துவிட்டு இறக்குங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் ஊகமே வேண்டாம்.

60 டிகிரியைத் தாண்டினால் கிளாஸை மூக்கருகே கொண்டு போனதும் ஆவி சுள்ளென்று ஏறும். அப்படி ஆகிவிட்டால் அதே சாக்கேயில் சூடாக்காதது ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றி இறக்குங்கள். ஆறியதை மறுபடி மறுபடி சூடாக்காமல், ஒரு ஜாடி தீர்ந்ததும் அடுத்ததை இறக்குவதே நல்லது. எட்டுப் பேருக்கு இரண்டு ஜாடிகளை மாற்றி மாற்றி வைத்தால் இடைவெளி விழாது.

மைக்ரோவேவ்தான் வழி என்றால் 20 விநாடி ஓட்டி, எடுத்துக் கலக்கி, மறுபடி 20 விநாடி. கழுத்துப் பகுதி கொதித்திருக்க அடி குளிர்ந்தே இருப்பதுதான் அதில் வரும் கோளாறு, கலக்காமல் விடாதீர்கள். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கவும் வேண்டாம். உதடு சுடும், பானம் சீக்கிரம் ஆறும். சின்னப் பீங்கான் கிண்ணமே போதும்.

கோஜிப்பூ:

நெல்மணி அண்ணா சொன்ன புளிக்கணக்கு முழுக்கச் சரி. மீன் குழம்புக்கு 45 டிகிரி என்பதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை.

மிளகாயின் கேப்சைசின் நாக்கில் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, சூட்டை உணரும் அதே ஏற்பி. சாதாரணமாக அது 42 டிகிரியைத் தாண்டும்போதுதான் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆக மிளகாய், ஆல்கஹால், 45 டிகிரிச் சூடு மூன்றும் ஒரே கதவைத் தட்டுகின்றன. மூன்றாவது மிடறில் காரம் எரிச்சலாகி, சாக்கே கசக்கத் தொடங்கும். மிளகின் பைப்பரினும் அதே ஏற்பியைத்தான் தொடுகிறது, காளான் மிளகு வறுவலுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு.

என் யோசனை: யாமஹாயில் முதலில் தண்ணீர் கலந்துவிடுங்கள். 180 மி.லி.க்கு 20 மி.லி. குடிநீர். 16.5 சதவீதம் ஏறக்குறைய 14.9 ஆக இறங்கும். அமிலமும் உமாமியும் கொஞ்சம் இறங்கும், உங்கள் பாட்டிலில் 2.0 இருப்பதால் தாங்கும். இது கலப்படம் ஆகாது. பாட்டிலில் அடைப்பதற்கு முன் காய்ச்சும் இடத்திலேயே தண்ணீர் சேர்த்து ஆல்கஹாலை இறக்குவது வழக்கம். கலக்காமல் விட்டது கென்ஷு, அது 17 முதல் 20 சதவீதம்வரை இருக்கும், நம் காரத்துக்கு அதை எடுக்கவே கூடாது. தண்ணீரை முன்பே கலந்து, பிறகு 37 டிகிரிக்கு மட்டும் சூடாக்குங்கள். தொட்டால் உடம்புச் சூடுதான். ஜப்பானியர்கள் இதை ஹிட்டோஹதாகான், ஆள் தோலின் சூடு, என்றே சொல்கிறார்கள். தண்ணீரைக் கடைசியில் ஊற்றினால் ஒட்டாமல் தனியே தெரியும்.

சுக்காவிலும் மிளகாய் தூக்கலாக இருந்தால் 50 வேண்டாம், 42 போதும். கொழுப்பை அது ஓரளவு இளக்கிவிடும்.

அடுத்து நிகோரி. காரத்துக்கு நிகோரி என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. அதன் இனிப்பும், வடிகட்டாமல் விட்ட அரிசிக் கசடின் கெட்டியும் காரத்தை அணைக்கும். புளியோடு சேர்ந்தால் மட்டும் அந்தக் கசடு மாவு மாவாக நாக்கில் ஒட்டும், வயிறும் சீக்கிரம் நிரம்பும். எனவே மீன் குழம்புக்கு வேண்டாம். காளான் மிளகு வறுவலுக்கு ஆளுக்கு 20 மி.லி., மிச்சத்தைத் தயிர் சாதமும் மோர் மிளகாயும் வரும்போது. 5 டிகிரியில் நன்றாகக் குளிர வைத்து, மெதுவாகத் தலைகீழாக்கிக் கசடைக் கலக்குங்கள். லேபிளில் நுரைக்கும் வகை என்று இருந்தால் கலக்கவே கலக்காதீர்கள், மூடியைத் திருகும்போது பீறிட்டு வரும். ஒரு விரல் திறந்து, நுரை ஏறினால் மூடி, மறுபடி திறந்து, இப்படி ஐந்தாறு தடவையில் அடங்கும்.

நெல்மணி:

கோஜிப்பூ சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நான் 45 என்று சொன்னது காரம் குறைத்து வைக்கும் குழம்பை மனதில் வைத்து. அல்சூர்வாசி வீட்டுக் குழம்பில் மிளகாய்த் தூள் தூக்கல் என்றால் 37தான் சரி.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். லேபிளில் உள்ள நிஹோன்ஷு-தோவை வைத்து இனிப்பை முடிவு செய்துவிடாதீர்கள். அது அடர்த்தியின் அளவு. தண்ணீர் பூஜ்யம், அதைவிட லேசானது கூட்டல், சர்க்கரை மிஞ்சி அடர்ந்தது கழித்தல். நாக்கு அமிலத்தையும் சேர்த்தே எடை போடுகிறது. உங்கள் டைகின்ஜோ +3, அமிலம் 1.2, அதன் பழவாசமும் சேர்ந்து இனிப்பாகத் தோன்றும். யாமஹாய் +4தான், ஆனால் அமிலம் 2.0 என்பதால் ரொம்பவே வறண்டதாக, இனிப்பில்லாததாகத் தெரியும். எண் ஒன்றுதான் வித்தியாசம், வாயில் இரண்டும் வேறு வேறு.

விலாங்கு மீனை இனிப்புச் சாஸில் சுட்டு, மேலே சான்ஷோ என்ற மிளகைத் தூவி, யாமஹாய் போன்ற கெட்டியான சாக்கேயோடு சாப்பிடுவது அங்கே வழக்கம். சான்ஷோவின் மரக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மங்களூர்ச் சாமான் கடைகளில் கிடைக்கும் தெப்பல். நெத்திலி வறுவலில் மிளகாய்த் தூளைப் பாதியாக்கி, விதை நீக்கிய தெப்பல் தோலை நாலைந்து பொடித்துத் தூவிப் பாருங்கள். நாக்கில் லேசாக மரத்து, எலுமிச்சை வாசம் வரும். எரிச்சல் இருக்காது. ஹோன்ஜோசோ அங்கே நன்றாக ஒட்டும். விதை நறநறவென்று கடிபடும், அதைக் கட்டாயம் நீக்குங்கள்.

பசவனகுடி சைவம்:

சைவர்கள் இருவரையும் கூட்டும் நிகோரியும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சைவ இலையில்தான் சாக்கேக்கு இன்னும் நல்ல இடம் இருக்கிறது.

சாக்கேயின் பலம் அமினோ அமிலங்கள். அதற்கு எதிரே தட்டிலும் உமாமி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். காளான், தக்காளி, வேகவைத்த பருப்பு, முருங்கைக்காயின் உட்சதை ஆகியவற்றுக்கு அந்தச் சுவை உண்டு. காளானை உயர்ந்த தீயில், உப்புப் போடாமல், தண்ணீர் முழுக்க வற்றி விளிம்பு சிவக்கும்வரை வதக்குங்கள். முதலிலேயே உப்புப் போட்டால் நீர்விட்டு வேகும், வறுபடாது. இறக்கும்போது உப்பும் ஒன்றிரண்டாக இடித்த மிளகும், ஒரு டீஸ்பூன் நெய்யும். காய்ந்த ஷீட்டாக்கே காளான் கிடைத்தால் இரண்டை ஊறவைத்து நறுக்கிச் சேருங்கள், ஊறிய தண்ணீரைக் கூட்டில் ஊற்றிவிடலாம்.

கூட்டுக்குத் தேங்காய், சீரகம் அரைத்துவிட்டு, பெருங்காயத்தைப் பாதியாகக் குறையுங்கள். பெருங்காயத்தின் கந்தக வாசம் எந்த மென்மையான சாக்கேயையும் அமுக்கிவிடும், ஹோன்ஜோசோவைக்கூட. முருங்கைக்காய்க் கூட்டுக்கு 40 டிகிரி யாமஹாய் தண்ணீர் கலக்காமலே சேரும், அங்கே மிளகாய் குறைவு.

வத்தக்குழம்புதான் சுவாரசியமானது. வெந்தயத்தின் வாசத்துக்கு முதன்மைக் காரணம் சோட்டோலோன் என்ற சேர்மம். பல வருடம் வைத்துப் பழுத்த சாக்கே, கோஷு, அதிலும் அதே சோட்டோலோன்தான் கருப்பட்டி, பாகு வாசத்தைக் கொடுக்கிறது. வத்தக்குழம்பின் வெந்தயமும் கோஷுவும் ஒரே வாசத்தைப் பேசும். உங்களிடம் கோஷு இல்லை. அடுத்த முறைக்குச் சின்ன பாட்டில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஆளுக்கு 30 மி.லி., அறைச் சூட்டில் போதும். வெல்லப்பாகில் செய்யும் அதிரசத்துக்கும் அதுவே பொருத்தம். இப்போதைக்கு வத்தக்குழம்போடு யாமஹாயைக் கொடுங்கள், அதிரசத்தோடு எதுவும் வேண்டாம். வறண்ட சாக்கே இனிப்பின் பக்கத்தில் கசக்கும், உங்கள் நிகோரியும் பாகின் இனிப்புக்கு ஈடுகொடுக்காது. டிகிரி காபி போதும்.

ஒரு எச்சரிக்கை. தேங்காய்ச் சட்னியில் பச்சை மிளகாயும் பச்சைப் பூண்டும் சேர்த்து அரைக்காதீர்கள். பச்சைப் பூண்டு பட்ட வாயில் அடுத்த அரை மணிக்கு எந்தச் சாக்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கும். பொட்டுக்கடலை, தேங்காய், இஞ்சி ஒரு துண்டு, அவ்வளவே.

அல்சூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. வரிசை தெளிவாகிவிட்டது. இன்னும் ஒரு சந்தேகம். ஹோன்ஜோசோ பாட்டில் வெள்ளைக் கண்ணாடி. உள்ளே லேசான மஞ்சள் தெரிகிறது. லேபிளில் R5.11 என்று இருக்கிறது. கெட்டுவிட்டதா? திறந்த டைகின்ஜோ எத்தனை நாள் தாங்கும்?

கோஜிப்பூ:

R என்பது ஜப்பானின் ரெய்வா ஆண்டுக் கணக்கு. அதனோடு 2018ஐக் கூட்டுங்கள். R5.11 என்றால் 2023 நவம்பர், பாட்டிலில் அடைத்த மாதம். அது காலாவதித் தேதி இல்லை, சாக்கேக்கு அப்படி ஒன்று அச்சிடுவதில்லை. அடைத்த மாதம் போடுவதும் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம் இல்லை என்பதால் சில பாட்டில்களில் அதுவும் இருக்காது. இரண்டு தடவை சூடாக்கி அடைத்த ஹோன்ஜோசோவை இருட்டில், குளிர்ச்சியில் வைத்திருந்தால் ஒரு வருடம்வரை அதன் புதுத்தன்மையோடு குடிக்கலாம். அதற்குப் பிறகு விஷமாகிவிடாது, ருசிதான் மாறும்.

மஞ்சளை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. கரித்தூளால் வடிகட்டாத சாக்கே இயல்பாகவே இளமஞ்சளாக இருக்கும். முகர்ந்து பாருங்கள். நாள்பட்ட முள்ளங்கி ஊறுகாய், வாடிய முட்டைக்கோஸ் வாசம் வந்தால் வெயிலிலோ சூட்டிலோ இருந்திருக்கிறது. அதற்குக் காரணம் டைமெத்தில் டிரைசல்ஃபைடு. கடையில் ட்யூப்லைட்டுக்கு நேரே வைத்த வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் இது அடிக்கடி நடக்கும். வாங்கும்போது பழுப்பு அல்லது பச்சைப் பாட்டிலாக, பின்வரிசையிலிருந்து எடுங்கள். உங்களுடையது சுமாராக இருந்தால் குளிரவைத்துக் கொடுக்காமல் 45 டிகிரிக்கு ஏற்றிக் கருவாட்டோடு கொடுங்கள், குறை அவ்வளவாகத் தெரியாது. வாசம் தாங்கவில்லை என்றால் சமையலுக்கு. அப்போது வடைக்கும் பிரியாணிக்கும் டைகின்ஜோவில் மிச்சமிருப்பதை ஊற்றுங்கள், யாமஹாயைக் குழம்புக்கும் சுக்காவுக்கும் காப்பாற்றி வையுங்கள்.

லேபிளில் நாமா என்று இருந்தால் கதையே வேறு. அது சூடாக்கிக் கிருமி நீக்காதது. ஃப்ரிட்ஜுக்கு வெளியே பெங்களூர் ஏப்ரலில் ஓரிரு நாள் இருந்தாலே மாறிவிடும். வெண்மையாகக் கலங்கி, தயிர் போலப் புளிப்பு வாசம் வந்தால் ஊற்றிவிடுங்கள். நாமா பாட்டிலை ஏ.சி. இல்லாத கடை அலமாரியில் பார்த்தால் வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

திறந்த டைகின்ஜோ ஒரு வாரம். மூன்றாம் நாளிலிருந்தே வாசம் குறையும். யாமஹாய் இரண்டு வாரம் தாங்கும், திறந்து மூன்று, நாலு நாள் ஆனபின் சில சமயம் இன்னும் மிருதுவாகும். பாட்டிலைப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள், மூடியோடு பானம் உரசக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவில் வேண்டாம். அங்கே ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குலுங்கும், சூடும் ஏறி இறங்கும். உள்தட்டில், செய்தித்தாள் சுற்றி. மிச்சம் பாதிக்கும் குறைவு என்றால் சுத்தமான 300 மி.லி. பாட்டிலுக்கு மாற்றிவிட்டால் காற்று குறையும். உங்கள் நிகோரி பாட்டில் தீர்ந்ததும் வெந்நீரில் கழுவி அதற்கே வைத்துக்கொள்ளலாம்.

வெந்நீர்:

மிச்சமானதைச் சமையலில் போட நினைத்தால் மட்டி சரியான இடம். அரை கிலோ மட்டியை உப்புத் தண்ணீரில் (லிட்டருக்கு 30 கிராம்) இருட்டில் இரண்டு மணி நேரம் வைத்து மணலைக் கக்க விடுங்கள். கழுவி, அகன்ற வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, 60 மி.லி. சாக்கே, ஒரு விரல் இஞ்சியை மெல்லிய குச்சிகளாக நறுக்கிப் போட்டு மூடி, பெருந்தீயில் மூன்று, நாலு நிமிடம். ஓடு திறந்ததும் அணைத்துவிடுங்கள், அதற்கு மேல் போனால் சதை ரப்பராகும். திறக்காதவற்றை எறிந்துவிடுங்கள். உப்பு வேண்டாம், மட்டியின் நீரே போதும். மேலே கொத்தமல்லி, கால் டீஸ்பூன் நெய்.

பிரியாணிக்கு ஆட்டுக்கறி ஊறவைக்கும்போதும் கிலோவுக்கு 50 மி.லி. சேர்க்கலாம். அப்படிச் செய்தால் தயிரை அதே அளவு குறையுங்கள், இல்லையென்றால் தம்மில் தண்ணீர் மிஞ்சி அரிசி குழையும்.